2019-இல் காலி செய்த அபார்ட்மென்ட்டின் பாக்கி என் கடன் அறிக்கையில் ஏறியிருக்கிறது: கட்டுவதா, ஆட்சேபிப்பதா?

இளவழுதி, டாலஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கடனுக்கு முன் ஒப்புதல் வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு இது தெரிய வந்தது. ஒரு வசூல் நிறுவனத்தின் பெயரில் 1,846 டாலர் பாக்கி என்று என் கடன் அறிக்கையில் ஒரு பதிவு இருக்கிறது. மற்ற எல்லாக் கணக்குகளும் சுத்தம். ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

2017 முதல் 2019 ஜூலை வரை இர்விங்கில் ஓர் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். ஒப்பந்தக் காலம் முடிந்து, முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, கடைசி மாத வாடகையையும் கட்டிவிட்டுத்தான் காலி செய்தோம். சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்தேன். புது முகவரியை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். படங்களும் மின்னஞ்சலும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கொடுத்திருந்த 500 டாலர் முன்பணம் மட்டும் திரும்பி வரவே இல்லை. கேட்டுப் பார்த்தேன்; பதில் இல்லை. அதன் பிறகு அவர்களிடமிருந்து எந்தக் கணக்கும் எந்தக் கடிதமும் வரவில்லை.

இப்போது, ஆறு வருடம் கழித்து, வசூல் நிறுவனத்திடமிருந்து சென்ற வாரம் ஒரு கடிதம் வந்தது. தரைவிரிப்பு மாற்றியதற்கு 1,120, சுவர்களுக்கு வண்ணம் அடித்ததற்கு 480, சுத்தம் செய்ததற்கு 246 என்று மூன்று வரிகள். கடிதத்தைத் தொடர்ந்து தொலைபேசி அழைப்பும் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "இன்று 75 டாலர் மட்டும் கட்டுங்கள், உங்கள் நல்லெண்ணத்துக்கு அடையாளமாக இருக்கட்டும். மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இல்லையென்றால் கோப்பு வழக்கறிஞர் பிரிவுக்குப் போய்விடும்" என்றார்.

அறிக்கையில் கணக்குத் திறந்த தேதி மார்ச் 2024 என்று இருக்கிறது. அப்போது நான் அந்த வீட்டை விட்டு வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. இதைக் கட்டிவிட்டால் பதிவு போய்விடுமா? ஆட்சேபித்தால் வழக்குப் போடுவார்களா? மாதம் 99 டாலர் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது, அதை நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


குமரேசன், ஆஸ்டின்

நண்பரே, 1,846 டாலருக்காக வீட்டுக்கடனைத் தள்ளிப் போடாதீர்கள். வட்டி கால் சதவீதம் ஏறினாலும் முப்பது வருடத்தில் இதைவிடப் பல மடங்கு போய்விடும். தொகையைக் குறைத்துத் தரச் சொல்லிப் பேசுங்கள். பாதிக்கு ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார்கள். கட்டினால் பதிவை நீக்குவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் முடித்தார். மன நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.


செல்லம்மாள், ஹூஸ்டன்

தம்பி இளவழுதி, அந்த 75 டாலரைக் கட்டாதீர்கள். தொலைபேசியில் இனி எதுவும் பேசாதீர்கள். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.

நான் ஒரு வசூல் நிறுவனத்தின் ஆட்சேபப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். உங்களைப் போன்றவர்களின் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். எந்தக் கடிதம் ஒரே நிமிடத்தில் ஓரங்கட்டப்படும், எந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மேலாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குமரேசன் தம்பி சொல்லும் வட்டிக் கணக்கு சரிதான். ஆனால் கட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது தேதி.

பழைய கடனுக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் கடனுக்கு நான்கு ஆண்டு. உங்கள் பாக்கி 2019-இல் விழுந்தது என்றால் அந்தக் கடிகாரம் 2023-இலேயே நின்றுவிட்டது. காலவரம்பு கடந்த கடனுக்கு வசூல் நிறுவனம் வழக்குப் போடவும் கூடாது, போடுவேன் என்று மிரட்டவும் கூடாது. 2021 நவம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி விதி இது. அந்த ஆள் "வழக்கறிஞர் பிரிவு" என்று சொன்னாரே, அந்தச் சொற்களையும் தேதி, நேரம், அழைத்த எண் ஆகியவற்றையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பயன்படும்.

இரண்டாவது கடிகாரம் அறிக்கைக்கானது. வசூலுக்குப் போன கணக்கு ஏழு ஆண்டுதான் நிற்கலாம். அந்த ஏழு ஆண்டை, முதன்முதலில் பாக்கி விழுந்த தேதியை வைத்துத்தான் எண்ண வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 180 நாள் கழித்து எண்ணத் தொடங்கலாம் என்று சட்டம் சொன்னாலும், கடன் தகவல் நிறுவனங்கள் பொதுவாகப் பாக்கி விழுந்த தேதியிலிருந்தே ஏழு ஆண்டில் நீக்கிவிடுகின்றன. வசூல் நிறுவனம் கணக்கைக் கையில் வாங்கிய தேதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடன் எத்தனை கை மாறினாலும், நீங்கள் இடையில் பணம் கட்டினாலும், இந்தத் தேதி நகரக் கூடாது. நகர்த்தினால் அது சட்டமீறல்.

ஆகவே முதல் வேலை: ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்துக்குப் போய் எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகளையும் இறக்குங்கள். வாரம் ஒரு முறை இலவசம். கைப்பேசிச் செயலிகளில் தெரியும் சுருக்கம் போதாது. இந்தத் தேதி அங்கே பெரும்பாலும் இருக்காது. எக்விஃபேக்ஸில் "முதல் தவறிய தேதி" என்றே ஒரு கட்டம் இருக்கும். எக்ஸ்பீரியனில் "இந்த மாதம் வரை பதிவில் இருக்கும்" என்று ஒரு வரி. டிரான்ஸ்யூனியனில் "இது நீக்கப்படும் உத்தேச மாதமும் ஆண்டும்" என்று போட்டிருப்பார்கள். கணக்குத் திறந்த தேதி மார்ச் 2024 என்று இருப்பதில் குற்றம் இல்லை; அது அவர்கள் கணக்கை வாங்கிய தேதி. நீக்கப்படும் ஆண்டு 2026 என்று இல்லாமல் 2030, 2031 என்று இருந்தால்தான் வில்லங்கம்.

அந்தக் கட்டங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். மீதியைப் பிறகு சொல்கிறேன்.

மாதம் 99 டாலர் நிறுவனம் வேண்டவே வேண்டாம். வேலையை முடிப்பதற்கு முன்னால் பணம் வாங்குவதே 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. அவர்களில் சிலர் உங்கள் பெயரில் "அடையாளத் திருட்டு" என்று பொய்ப் புகார் எழுதி அனுப்புவார்கள். அந்தப் புகாரில் கையெழுத்து உங்களுடையது, மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருப்பவர்கள் இந்த விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.


இளவழுதி, டாலஸ்

அக்கா, மிக்க நன்றி. மூன்றையும் இறக்கிப் பார்த்தேன். எக்விஃபேக்ஸில் முதல் தவறிய தேதி 03/2023 என்று இருக்கிறது. டிரான்ஸ்யூனியனில் நீக்கப்படும் மாதம் 03/2030. எக்ஸ்பீரியனில் பதிவில் இருக்கும் காலம் 2030 மார்ச் வரை. 2023 மார்ச்சில் எனக்கும் அந்த அபார்ட்மென்ட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது! அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.


செல்லம்மாள், ஹூஸ்டன்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அபார்ட்மென்ட் நிர்வாகம் வேறொரு கைக்கு மாறிய நாளாக இருக்கலாம். பழைய கணக்குகளை மென்பொருளில் மொத்தமாக ஏற்றிய நாளாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும், 2026-இல் விழ வேண்டிய பதிவுக்கு 2030 வரை ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் இதுதான். தரைவிரிப்பு நியாயமா, வண்ணம் அடித்தது நியாயமா என்பது கருத்து வேறுபாடு. அதில் இழுத்துக்கொண்டே போகலாம். 2019-இல் காலி செய்தவருக்கு 2023-இல் எப்படிப் பாக்கி விழுந்தது என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கண்டதைச் சொல்கிறேன். நீங்கள் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும் ஆட்சேபம் ஈ-ஆஸ்கர் என்ற கணினி வழியாக வசூல் நிறுவனத்துக்கு வந்து சேரும். வரும்போது உங்கள் கடிதத்தின் சாரம் ஓர் எண்ணாகச் சுருங்கியிருக்கும். "இது என்னுடையது அல்ல" என்றால் ஓர் எண். "தகவல் தவறு, ஆனால் எது தவறு என்று குறிப்பாகச் சொல்லவில்லை" என்றால் 112. திரையில் 112 வந்தால் என்ன செய்வோம்? பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண், தொகை ஆகிய நான்கும் எங்கள் கணினியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம். பொருந்தினால் "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு சொடுக்கு. கதை முடிந்தது. அடுத்தது வந்துவிடும், ஒரு நாளைக்கு அத்தனை வரும். இரண்டு பக்கம் மனம் வெதும்பி எழுதிய கடிதமும் இந்த 112-க்குள் அடங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால், "முதல் தவறிய தேதி 03/2023 என்று இருப்பது தவறு, நான் 2019 ஜூலையில் காலி செய்தேன், சான்று இணைப்பில்" என்று ஒரே ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டி, கூடவே தாளும் வந்தால், அதைப் பொருத்திப் பார்த்து முடித்துவிட முடியாது. 2013 முதல் இணைப்புகளும் அந்தக் கணினி வழியே வந்து சேர்கின்றன. இணைப்பைத் திறந்து பார்க்காமல் "சரி" என்று அடித்தவர் நாளைக்கு வழக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அது எங்களுக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும். எனவே ஆட்சேபத்தை அந்த ஒரு தேதியின் மீது வையுங்கள். கோபத்தையும் வரலாற்றையும் கடிதத்தில் ஏற்றாதீர்கள்.

இரண்டு வகைக் கடிதங்கள் போக வேண்டும்.

முதலாவது, வசூல் நிறுவனத்துக்கு. அவர்களுடைய கடிதம் சென்ற வாரம்தான் வந்தது என்கிறீர்கள். அது கிடைத்த 30 நாளுக்குள் நீங்கள் எழுத்து மூலம் மறுத்தால், கடனுக்கான சான்றை உங்களுக்கு அனுப்பும் வரை அவர்கள் வசூல் முயற்சியை நிறுத்தியாக வேண்டும். 1977-ஆம் ஆண்டு வசூல் நடைமுறைச் சட்டம் அது. கடிதத்தின் அடியில் எந்த நாள் வரை மறுக்கலாம் என்று தேதியே அச்சிட்டிருக்கும், பாருங்கள். டெக்ஸாஸ்காரர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு, பலருக்கும் அது தெரியாது. மாநில நிதிச் சட்டப்படி, அந்த 30 நாள் கடந்த பிறகும்கூட, எழுத்தில் மறுப்பு வந்தால் வசூல் நிறுவனம் வசூலை நிறுத்தி, விசாரித்து, 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் வசூல் செய்பவர்கள் 10,000 டாலர் பிணைப் பத்திரத்தை மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

கடிதத்தில் என்ன கேட்பது? ஒப்பந்தத்தின் நகல், காலி செய்தபோது தயாரித்த கணக்கு, பாக்கி விழுந்த தேதி, 500 டாலர் முன்பணத்தை எந்த வரியில் கழித்தார்கள் என்ற விவரம். நீங்கள் எழுதிய மூன்று வரிகளைக் கூட்டிப் பார்த்தேன்: 1,120, 480, 246, சரியாக 1,846 வருகிறது. அப்படியானால் உங்கள் 500 டாலர் எங்கே? சேதம் முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் தொகை தவறு. இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "கையெழுத்திட்ட அசல் ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் கடனே செல்லாது" என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. சான்று என்பதற்கு நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோல் மிகத் தாழ்வானது. கடன் கொடுத்தவரிடம் தொகையை உறுதி செய்துகொண்டு ஒரு தாள் அனுப்பினாலே பல இடங்களில் போதும் என்றாகிவிடும். ஆனாலும் கேட்க வேண்டும். அவர்கள் அனுப்பும் தாளில் என்ன தேதி இருக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை.

இன்னொன்று மிக முக்கியம். கடிதத்தில் எந்த இடத்திலும் "நான் தர வேண்டிய பணம்", "என் கடன்" என்று எழுதாதீர்கள். "நீங்கள் பாக்கி என்று சொல்லும் தொகை" என்று எழுதுங்கள். காலவரம்பு கடந்த கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மீண்டும் உயிர் வந்துவிடலாம். பல மாநிலங்களில் பத்து டாலர் கட்டினாலே கடிகாரம் திரும்ப ஓட ஆரம்பிக்கும். டெக்ஸாஸில், கடனை விலைக்கு வாங்கியவர்களைப் பொறுத்தவரை, 2019-இல் வந்த சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் உங்கள் நிறுவனம் கடனை வாங்கியதா, அபார்ட்மென்ட்டுக்காக வசூல் மட்டும் செய்கிறதா என்பது நமக்கு இன்னும் தெரியாது. 75 டாலர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தனித்தனிக் கடிதம். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். நடுவில் நீங்கள் புதிய தாள் அனுப்பினால் இன்னும் 15 நாள் கூடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே உறையில் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். ஓட்டுநர் உரிம நகல், முகவரிச் சான்று, ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி உள்ள பக்கம், முகவரி அனுப்பிய மின்னஞ்சல், அறிக்கையில் அந்தப் பதிவு உள்ள பக்கத்தை அச்சிட்டுத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். எல்லாம் நகல்கள், அசல் எதையும் அனுப்பாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அட்டை திரும்பி வரும் சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்புங்கள். அந்தப் பச்சை அட்டையின் மதிப்பு வழக்கு என்று வரும்போதுதான் தெரியும்.

வசூல் நிறுவனத்துக்கு மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளக் கூடாது. கடன் தகவல் நிறுவனத்தின் வழியாகப் போன ஆட்சேபத்தைச் சரியாக விசாரிக்காமல் விட்டால்தான் தவறான தகவல் கொடுத்ததற்காக நீங்கள் அவர்கள் மீது கூட்டாட்சிச் சட்டப்படி வழக்குப் போட முடியும்.

அபார்ட்மென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்ஸாஸ் சொத்துச் சட்டப்படி, நீங்கள் காலி செய்த 30 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது எதற்காகப் பிடித்தார்கள் என்று விவரப் பட்டியல் தர வேண்டும். புது முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் செய்யாதவர் கெட்ட எண்ணத்தோடு நடந்தார் என்று சட்டமே அனுமானிக்கும்; இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அது நிலைநின்றால், சேதத்துக்காக வழக்குப் போடும் உரிமையையே இழக்கிறார். வழக்கமான புழக்கத்தில் வரும் தேய்மானத்தை முன்பணத்திலிருந்து பிடிக்கவும் கூடாது. இரண்டு வருடம் நடந்த தரைவிரிப்பு புதிதாகவா இருக்கும்?


அருள்மொழி, எடிசன்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், நம் பெயர்களால் வரும் தொல்லை. என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். இருவருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். கொஞ்ச காலம் ஒரே வீட்டிலும் இருந்தார்கள். தம்பி கட்டாமல் விட்ட மருத்துவப் பாக்கி ஒன்று என் கணவரின் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. "என்னுடையது அல்ல" என்று எழுதினால் "சரிபார்த்தோம், உங்களுடையதுதான்" என்றே பதில் வந்தது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் பெயர்கள், பழைய முகவரிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது அல்லவா? அதைக் கவனமாகப் பார்த்தபோதுதான் தம்பியின் பெயரும் அவருடைய டெலவர் முகவரியும் என் கணவரின் பெயர்களில் ஒன்றாக அங்கே கிடந்தது தெரிந்தது. முதலில் அந்தப் பெயரையும் முகவரியையும் நீக்கச் சொல்லி, பிறகு கணக்கை ஆட்சேபித்தோம். இரண்டு பேருடைய கடவுச்சீட்டு நகலையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் நீங்கியது. இளவழுதி, உங்கள் முதல் பக்கத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். இனிஷியல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று நாம் மாற்றி மாற்றி எழுதுவதால் நம்மவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது என்பது என் அனுபவம்.


சோமசுந்தரம், பிளேனோ

வீட்டுக்கடன் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். குமரேசன் ஐயா, கட்டிவிட்டால் கடன் மதிப்பெண் ஏறிவிடும் என்பது வீட்டுக்கடனில் பெரும்பாலும் நடப்பதில்லை. ஃபைக்கோ என்ற கடன் மதிப்பெண் முறையின் 9, 10 போன்ற புதிய பதிப்புகள் கட்டி முடித்த வசூல் பதிவுகளைக் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்கடனுக்கு நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது பழைய 2, 4, 5-ஆம் பதிப்புகள். அவற்றில் கட்டினாலும் வசூல் பதிவு வசூல் பதிவுதான். பதிவு நீங்கினால் மட்டுமே பலன்.

இளவழுதி, நீங்கள் வாங்குவது எந்த வகைக் கடன் என்று அதிகாரியிடம் கேளுங்கள். வீட்டுக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேன்னி மே நிறுவனத்தின் விதிப்படி, நீங்களே குடியிருக்கப்போகும் தனி வீட்டுக்கு வசூல் பாக்கிகளைக் கட்டித் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. கடன் என்றால் மருத்துவம் அல்லாத வசூல் பாக்கிகள் மொத்தம் 2,000 டாலரைத் தொடும்போதுதான் கேள்வி வரும். உங்களுடையது அதற்குக் கீழே. ஆனால் ஆட்சேபம் நிலுவையில் உள்ள பாதகமான கணக்குகள் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் எஃப்.எச்.ஏ. கோப்பு கணினி ஒப்புதலில் இருந்து விலகி, ஆள் உட்கார்ந்து பரிசீலிக்கும் வழிக்குப் போய்விடும். அதற்கு அதிக நாளாகும். எனவே ஆட்சேபத்தை முதலில் முடித்துவிட்டு, வீட்டுக்கு ஒப்பந்தம் போடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஆட்சேபம் தொடங்கி, ஒப்புக்கொண்ட வட்டி மாறாமல் நிற்கும் பூட்டுக் காலம் முடிந்துபோய்த் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.


இளவழுதி, டாலஸ்

அனைவருக்கும் நிலவரம் சொல்கிறேன். எல்லாக் கடிதங்களும் போய், பதில்களும் வந்துவிட்டன. எக்ஸ்பீரியன் பதிவை முழுவதுமாக நீக்கிவிட்டது. எக்விஃபேக்ஸில் பதிவு இருக்கிறது, ஆனால் முதல் தவறிய தேதி 08/2019 என்று மாறியிருக்கிறது. டிரான்ஸ்யூனியன் மட்டும் "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது; அங்கே இன்னும் 03/2030-தான்.

வசூல் நிறுவனம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் ஒரு கணினிப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறது. பட்டியலில் அதே மூன்று வரிகள்தான். மேலே "காலி செய்த தேதி 07/31/2019" என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். முன்பணம் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் பக்கத்துப் பெயர்களையும் பார்த்தேன், அருள்மொழி அவர்களே. அதில் குழப்பம் இல்லை. தொலைபேசி அழைப்புகள் நின்றுவிட்டன. டிரான்ஸ்யூனியனுக்கு மறுபடியும் அதே கடிதத்தை அனுப்பலாமா அக்கா?


செல்லம்மாள், ஹூஸ்டன்

அதே கடிதத்தை அனுப்பாதீர்கள். புதிதாக ஒன்றும் இல்லாமல் திரும்ப அனுப்பினால் "அற்பமான ஆட்சேபம்" என்று சொல்லி விசாரிக்காமலே ஒதுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்களிடம் இப்போது முன்பு இல்லாத இரண்டு தாள்கள் இருக்கின்றன. வசூல் நிறுவனமே 07/31/2019 என்று அச்சிட்டு அனுப்பிய பட்டியல் ஒன்று. 08/2019 என்று திருத்தப்பட்ட எக்விஃபேக்ஸ் பக்கம் இன்னொன்று. ஒரே கணக்குக்கு ஒரே நிறுவனம் ஓரிடத்தில் 2019 என்றும் இன்னோரிடத்தில் 2023 என்றும் தேதி கொடுத்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்த இரண்டு தாள்களையும் முன்னால் வைத்து, கடிதத்தை நான்கு வரியில் முடியுங்கள்.

கூடவே இன்னொரு வேண்டுகோளும் எழுதுங்கள்: எந்த முறையில் சரிபார்த்தார்கள், யாரிடம் கேட்டார்கள் என்ற விவரம் வேண்டும் என்று. கேட்ட 15 நாளுக்குள் அதைச் சொல்லியாக வேண்டும். வசூல் நிறுவனம் "ஆம்" என்றது, நாங்களும் "ஆம்" என்றோம் என்பது விசாரணை ஆகாது. 1997-இல் குஷ்மன் என்பவர் டிரான்ஸ்யூனியன் மீது தொடுத்த வழக்கில் மூன்றாம் வட்டம் எனப்படும் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டெக்ஸாஸ் வேறு வட்டத்தில் இருக்கிறது, அங்குள்ள நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

எக்ஸ்பீரியனில் நீங்கியது நீங்கியதாகவே இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நீக்கிய பதிவைத் திரும்பச் சேர்த்தால் ஐந்து வேலை நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; அறிவிக்காமல் நுழைத்தால் அது தனிக் குற்றம்.

இந்தச் சுற்றிலும் டிரான்ஸ்யூனியன் அசையாவிட்டால் மூன்றாவது கடிதம் எழுதாமல் ஒரு நுகர்வோர் வழக்கறிஞரைப் பாருங்கள். வேண்டுமென்றே செய்த மீறல் என்று நிறுவினால் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டம் நிர்ணயித்த இழப்பீடு உண்டு. ஜெயித்தால் வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே தர வேண்டும். அதனால் வழக்கறிஞர்களில் பலர் உங்களிடம் முன்கூட்டிக் கட்டணம் கேட்காமலே வழக்கை எடுப்பார்கள். "வழக்கறிஞர் பிரிவு" என்று மிரட்டிய அந்த அழைப்புக்கு மட்டும் கெடு குறைவு: வசூல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் ஓர் ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுதி வைத்த தாள் இருக்கிறதல்லவா? அதன் மேல் அந்தக் கடைசித் தேதியையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.


சோமசுந்தரம், பிளேனோ

டிரான்ஸ்யூனியனிலிருந்து நீக்கம் என்றோ திருத்தம் என்றோ கடிதம் வந்த அன்றே அதை உங்கள் வீட்டுக்கடன் அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள், இளவழுதி. மதிப்பெண்ணை விரைவாக மறுகணக்கிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது; அதைக் கடன் கொடுப்பவர் மூலமாக மட்டுமே கேட்க முடியும், தனி நபர் கேட்க முடியாது. பதிவு மாதாந்தரச் சுழற்சியில் தானாகப் புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்பீரியன் கடிதத்தை இப்போதே அனுப்பலாம்.